மண் கரையும் மலைத் தண்ணீரும்: எங்கள் ஏரி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சேர்வராயன் மலையடிவாரத்தில், ஓமலூர்ப் பக்கம் எங்கள் ஊர். ஊருக்கு மேலே நாற்பது ஏக்கரில் ஓர் ஏரி. அதைத் தாங்கி நிற்பது ஒரு மண் கரை. ஏரிச் சங்கத்தில் பொறுப்புக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு ஐப்பசியிலும் அதே சந்தேகங்கள் என்னிடம் வருகின்றன. டீக்கடையில் கேட்கிறார்கள், கிராமசபையில் கேட்கிறார்கள், கரை மேல் நடக்கும்போது வண்டியை நிறுத்திக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்வியை எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே வைத்திருக்கிறேன்.

"வெறும் மண்ணுங்க. அது எப்படி அவ்வளவு தண்ணியத் தாங்குது?"

தன் எடையால் தாங்குகிறது. கரையின் மேல்பக்கம் ஒரு மாட்டுவண்டி போகும் அகலம்தான் இருக்கும். அடியில் அதைப் போலப் பல மடங்கு. பத்தடி உயரக் கரைக்கு உட்பக்கம் இரண்டரை மடங்கு, வெளிப்பக்கம் இரண்டு மடங்கு சரிவு வைத்தால், அடி அகலம் ஐம்பது அடியைத் தாண்டிவிடும். தண்ணீர் கரையைத் தள்ளும் அழுத்தம் ஆழத்தைப் பொறுத்தது, ஏரியின் பரப்பைப் பொறுத்தது அல்ல. பத்தடி ஆழமுள்ள குட்டையும், பத்தடி ஆழமுள்ள பெரிய ஏரியும் கரையின் ஒவ்வோர் அடியையும் ஒரே அளவுதான் அழுத்தும்.

மண்ணைக் கொட்டிக் குவித்தால் கரை ஆகிவிடாது. அரையடி, முக்காலடி கனத்துக்கு மண்ணைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, இறுக்கி, அதன் மேல் அடுத்த அடுக்கு. அந்தக் காலத்தில் ஆடுமாடுகளை ஓட்டி மிதிக்க வைத்தார்கள், இப்போது ரோலர். ஈரம் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பிடி மண்ணை உள்ளங்கையில் அமுக்கிப் பாருங்கள். உருண்டையாக நிற்க வேண்டும், கையில் தண்ணீர் ஒட்டக் கூடாது. உதிர்ந்தால் காய்ச்சல் அதிகம், பிசுபிசுத்தால் ஈரம் அதிகம். இரண்டுமே இறுகாது. கரைக்கு அடியில் கெட்டித் தரை வரும்வரை பள்ளம் தோண்டி, களிமண் போட்டு இறுக்கியிருப்பார்கள். வெளியே தெரியாத அந்தப் பள்ளம்தான் தண்ணீர் அடி வழியாக ஓடிவிடாமல் தடுக்கிறது.

"ஏரி, குட்டை, தடுப்பணை எல்லாம் ஒண்ணுதானே?"

இல்லை. தடுப்பணை ஓடைக்குக் குறுக்கே கல்லாலோ கான்கிரீட்டாலோ கட்டுவது. வெள்ளம் அதன் தலைமேல் ஏறிப் போகலாம், ஒன்றும் ஆகாது. ஏரிக்கரை மண். அதன் தலைமேல் தண்ணீர் ஏறினால் சில மணி நேரத்தில் கரையே இருக்காது. குட்டை என்பது பெரும்பாலும் தோண்டிய பள்ளம், தண்ணீர் தரைமட்டத்துக்குக் கீழே நிற்கும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும் பல பதில்கள் இதில்தான் நிற்கின்றன.

"மலையில நல்ல மழைங்கறாங்க. நம்ம ஏரிக்கு மட்டும் தண்ணி வரலையே?"

ஏற்காடு கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர், சேலம் 300 மீட்டருக்கும் கீழே. இவ்வளவு இறக்கத்தில் மழைத்தண்ணீர் வேகமாக இறங்கும், வேகமாகவே வடிந்தும் போகும். சேர்வராயன் மலையில் பிறக்கும் ஓடைகள்தான் திருமணிமுத்தாறாகச் சேலம் நகருக்குள் போகின்றன, சரபங்காவாக ஓமலூர், தாரமங்கலம், எடப்பாடி வழியாகக் காவிரிக்குப் போகின்றன. வழியில் இருக்கும் ஏரிகள் எல்லாம் அந்த ஓட்டத்தை ஏந்திக்கொள்ள வெட்டியவை.

முதல் மழைகளை மண்ணே குடித்துவிடும். தரை நனைந்த பிறகு பெய்வதுதான் ஓடும். ஒரு சதுர கிலோமீட்டரில் 50 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழுவது 5 கோடி லிட்டர். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஓடிவந்தால் ஒரு கோடி லிட்டர். எங்கள் ஏரி சராசரி ஐந்தடி ஆழத்துக்கு நிறைய ஏறக்குறைய 25 கோடி லிட்டர் வேண்டும். ஒரு மழையில் நிறையாது என்பது இதிலேயே தெரிகிறது.

ஆனால் பல ஊர்களில் உண்மையான காரணம் மழை இல்லை, வரத்து வாய்க்கால். எங்கள் வாய்க்காலை ஒரு கோடையில் மலையடிவாரம் வரை நடந்து பார்த்தோம். ஓர் இடத்தில் அதன் மேல் லேஅவுட் ரோடு. அடியில் ஒரே ஒரு குழாய், என் தோள் நுழையும் அளவு. அதிலும் பாதி பிளாஸ்டிக் பை. அந்தக் குழாயை எடுத்துவிட்டுப் பாலம் போட வைக்க இரண்டு வருடம் மனு கொடுத்தோம். போட்ட வருடம் ஏரி நிறைந்தது. ஏரியைத் தூர் வாருவதற்கு முன்னால் வாய்க்காலை நடந்து பாருங்கள்.

"மேட்டூர் டேம் பக்கத்துலயே இருக்கு. இந்தச் சின்ன ஏரி எதுக்குங்க?"

1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணை 120 அடி உயரத்துக்கு 93 டி.எம்.சி.க்கு மேல் பிடிக்கும். ஆனால் அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு டெல்டாவுக்கு. கிழக்குக் கரை, மேற்குக் கரைக் கால்வாய்கள் சேலம், நாமக்கல், ஈரோடு மாவட்டங்களில் 45,000 ஏக்கருக்குப் பாய்கின்றன. எங்கள் ஊர் மேட்டில் இருக்கிறது, தானாக ஓடிவர வழியில்லை. உபரி நீரைப் பம்ப் செய்து வறண்ட 100 ஏரிகளுக்குக் கொண்டுபோகும் 565 கோடி ரூபாய் சரபங்கா திட்டம் அதனால்தான் வந்தது. அதுவும் மேட்டூர் நிறைந்து வழியும்போது மட்டும். வாழப்பாடிப் பக்கம் ஆனைமடுவு, கரியகோவில் அணைகள் இருக்கின்றன, அவை வசிஷ்ட நதிப் பக்கத்து விவசாயத்துக்கு. மலையடிவாரத்து ஊருக்கு மலைத் தண்ணீர்தான் கதி, அதைப் பிடிக்க ஏரிதான் இருக்கிறது.

"தை மாசத்துலயே வத்திப்போவுது. அப்புறம் என்ன பிரயோஜனம்?"

கண்ணுக்குத் தெரியும் தண்ணீரை மட்டும் கணக்கில் எடுப்பதால் வரும் கேள்வி இது. வெயில் காலத்தில் ஏரியிலிருந்து நாளுக்கு ஆறு மில்லிமீட்டர் ஆவியானால், நாற்பது ஏக்கரில் அதுவே ஏறக்குறைய பத்து லட்சம் லிட்டர். இது நஷ்டம்தான். ஆனால் மதகு மூடியிருக்கும்போதும் அதைவிட வேகமாக மட்டம் இறங்கினால் மிச்சம் மண்ணுக்குள் போகிறது.

எங்கள் பக்கம் அடியில் சார்னோகைட் என்ற கடினப் பாறை. தண்ணீர் நிற்க அதில் இடமில்லை. மேலே உக்கிய பாறையும் பாறை வெடிப்புகளும்தான் இடம். அந்த வெடிப்புகளுக்குள் மெதுவாக இறங்கவேண்டுமானால் தண்ணீர் ஓடாமல் ஓரிடத்தில் சில வாரம் நிற்க வேண்டும். ஏரி செய்வது அதைத்தான். ஏரிக்குக் கீழே இருக்கும் என் கிணற்றில் கயிற்றில் முடிச்சுப் போட்டு அளந்து வருகிறேன். ஏரி நிறைந்த வருடம் சித்திரையில் தண்ணீர் இருபத்திரண்டாவது அடியில் இருந்தது. ஏரி காய்ந்த வருடம் அறுபதடிக் கிணற்றில் பாறைதான் தெரிந்தது. குச்சிக்கிழங்கு, தென்னை, பூந்தோட்டம் எல்லாம் கிணற்றுப் பாசனம்தான் என்கிறார்கள். அந்தக் கிணறு குடிப்பது ஏரியை.

"கோடியில தண்ணி வீணாப் போவுதே. மணல் மூட்டை அடுக்கி இன்னும் ரெண்டடி நிறுத்தினா என்ன?"

தயவு செய்து செய்யாதீர்கள். நான் மிகவும் பயப்படும் கேள்வி இதுதான். கோடி, அதாவது ஏரி நிறைந்ததும் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலிங்கு, கரையைவிடக் குறைந்தது மூன்று அடியாவது தாழ்வாக இருப்பது பிசகினால் அல்ல. ஏரி நிறைந்திருக்கும்போது மலையில் இன்னொரு பெருமழை பெய்தால், அந்தத் தண்ணீர் கோடி மேல் இரண்டடி உயரத்துக்கு எழும்பி ஓட வேண்டியிருக்கும். மிச்சம் ஓரடி அலைக்கு. காற்று அடித்தால் நாற்பது ஏக்கர் ஏரியிலும் அலை கரையில் அறையும். மூட்டை அடுக்கி அந்த இடைவெளியைத் தின்றுவிட்டால் தண்ணீர் கரையின் தலைக்கு ஏறும். ஏறினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லிவிட்டேன். உலகம் முழுக்க மண் அணைகள் உடையும் முக்கியமான காரணங்களில் ஒன்று இது.

சில பழைய கலிங்குகளில் வரிசையாக நட்ட கற்கள் இருக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில், இனி வெள்ளம் வராது என்று தெரிந்த பிறகு, அந்தக் கற்களுக்கு இடையில் பலகையும் மண்ணும் வைத்துக் கொஞ்சம் கூடுதலாக நிறுத்துவார்கள். காலம் தெரிந்து செய்த வேலை அது. ஐப்பசியில் செய்ய வேண்டியது இல்லை. கோடியில் போகும் தண்ணீர் வீணும் இல்லை, கீழ் ஊர் ஏரிக்குத்தான் போகிறது. நமக்கு மேல் ஊர்க்காரர் மூட்டை அடுக்கினால் நாம் என்ன சொல்வோம்?

"கரைக்கு வெளியே சொதசொதன்னு ஈரமா இருக்கு. உடைஞ்சிடுமா?"

மண் கரை கசியும், அது இயல்பு. கசிவு எவ்வளவு என்பதைவிட எப்படி வருகிறது என்பதைப் பாருங்கள். கசியும் இடத்தில் ஒரு சின்னப் பள்ளம் பறித்து, ஊறும் தண்ணீரை வெள்ளைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் காட்டுங்கள். தெளிவாக இருந்தால் தண்ணீர் மட்டும் வருகிறது. கலங்கலாக இருந்தால் கரையின் மண்ணும் கூடவே வருகிறது. உள்ளே ஒரு குழாய் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். மண் போகப் போகக் குழாய் பெரிதாகும், பெரிதாக ஆகத் தண்ணீர் வேகமாகும், அதனால் இன்னும் மண் போகும்.

தெளிவான கசிவையும் விட்டுவிடாதீர்கள். பக்கத்தில் ஒரு குச்சி நட்டு அடையாளம் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் போய்ப் பாருங்கள். ஏரி மட்டம் ஏறாமல் கசிவு மட்டும் கூடினால் உடனே சொல்ல வேண்டும்.

"கலங்கலாவே வந்துடுச்சு. அப்ப என்ன பண்றது?"

களிமண்ணைக் கொண்டுவந்து அந்த ஓட்டையை அடைக்கத்தான் எல்லோருக்கும் கை போகும். கூடாது. வெளிப்பக்கம் அடைத்தால் உள்ளே அழுத்தம் சேர்ந்து இன்னொரு பலவீனமான இடத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். தண்ணீரை வரவிட வேண்டும், மண்ணைத்தான் பிடிக்க வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன் ஐப்பசியில் ஓர் இரவு, மதகுக்கு வடக்கே பத்தடியில் ஆட்டுக்கல் குழி அளவு ஊற்று. டார்ச் வெளிச்சத்தில் பார்த்தால் நடுவில் செம்மண் கொப்பளித்துக்கொண்டிருக்கிறது, சுற்றிலும் எறும்புப் புற்று மாதிரி மண் வட்டமாகப் படிந்திருக்கிறது. ஊற்றின் மேல் முதலில் பருமணலை அரையடி கொட்டினோம். அதன்மேல் சின்ன ஜல்லி, அதன்மேல் பெரிய ஜல்லி, கடைசியாகக் கைக்கல். மணல் இரண்டு முறை அடித்துக்கொண்டு போனது. மூன்றாவது முறை ஜல்லியைக் கொஞ்சம் தூவி வேகத்தைக் குறைத்துவிட்டு மறுபடி மணல் போட்டோம், நின்றது. விடியும்போது பாட்டிலில் பிடித்த தண்ணீர் தெளிந்திருந்தது. இன்னொரு கூட்டம் உட்பக்கம் தண்ணீரில் இறங்கி, காலால் தடவி, இழுக்கும் இடத்தைத் தேடியது. இப்போது நினைத்தால் அது தப்பு. ஓட்டை பெரிதாக இருந்தால் ஆளையே இழுக்கும். உட்பக்கம் களிமண் மூட்டையும் தார்ப்பாயும் போடலாம், ஆனால் கரையில் நின்று, கயிறு கட்டிக்கொண்டு.

இதையெல்லாம் தொடங்கும் முன்பே கிராம நிர்வாக அலுவலருக்கும் நீர்வளத்துறைக்கும் சொல்லிவிடுங்கள். மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறை எண் 1077. ஏரிக்குக் கீழே குடியிருப்பவர்களை முதலில் மேட்டுக்கு அனுப்புங்கள். ஆடுமாட்டை அவிழ்த்து விடுங்கள், கட்டுத்தறியில் விட்டுவிட்டுப் போகாதீர்கள்.

"கரையில மரம் வெச்சா வேர் புடிச்சு பலமாகும்தானே?"

மரம் உயிரோடு இருக்கும்வரை பிரச்சினை தெரியாது. மரம் பட்டுப்போனதும் வேர் உக்கி, வேர் இருந்த இடம் ஓட்டையாகிறது. ஒன்பது அங்குல வேர் கரைக்குள் எங்கே போயிற்று என்று யாருக்குத் தெரியும்? புயல் காற்றில் மரம் சாய்ந்தால் கரையில் ஒரு பெரிய துண்டைப் பெயர்த்துக்கொண்டுதான் விழும். புதரும் ஆகாது. எலி வளை, நண்டு வளை, முள்ளம்பன்றிக் குழி, கரையான் புற்று எல்லாவற்றையும் அது மறைத்துவிடும். கரைச் சரிவுக்கு அருகம்புல் போதும், வெட்டிவேரும் நல்லது. பனைமரத்தைக் கரை அடிக்கு வெளியே தள்ளி நடுங்கள். சீமைக்கருவேலம் ஏற்கெனவே பெரிதாக வளர்ந்திருந்தால் வெட்டிவிட்டு அப்படியே விடாதீர்கள், ஏரி காய்ந்திருக்கும்போது வேரோடு எடுத்து, குழியை அடுக்கு அடுக்காக இறுக்கி மூட வேண்டும்.

"தூர் வாரும்போது நல்லா ஆழமா தோண்டிட்டா தண்ணி நிறைய நிக்கும்ல?"

மதகின் அடிமட்டத்துக்குக் கீழே தோண்டியதில் நிற்கும் தண்ணீர் வாய்க்காலுக்கு வராது. கிணற்றுக்கு ஊறலாம், மாடு குடிக்கலாம், அவ்வளவுதான். வண்டலை எடுப்பது ஒன்று, ஏரியின் அசல் தரையைப் பெயர்ப்பது வேறு. அதைவிட முக்கியம், கரையின் உட்பக்க அடியிலிருந்து தள்ளித் தோண்டுவது. ஒரு வருடம் தூர் வார வந்த ஒப்பந்தக்காரர் டிப்பருக்குத் தூரம் குறையும் என்று கரையின் காலடியிலேயே எட்டடி தோண்டிவிட்டார். நாங்கள் போய்ச் சொன்னோம், அளவு புத்தகத்தில் கன மீட்டர் வந்தால் போதும் என்றார். அடுத்த மழைக்கு முப்பதடி நீளத்துக்குக் கரை உட்பக்கமாகச் சரிந்து அந்தக் குழிக்குள் உட்கார்ந்தது. செங்குத்துக் குழிகளில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மேலே தண்ணீர் மூடிவிட்டால் முழங்கால் ஆழம் என்று நினைத்து இறங்கும் பிள்ளைக்கு அடுத்த அடியில் தரை இருக்காது.

"வண்டல் மண்ணு வயலுக்கு ஓட்டிக்கலாமா?"

ஓட்டிக்கொள்ளலாம், இலவசம்தான். ஆனால் அனுமதி வேண்டும். 2024-இல் நடைமுறையை எளிதாக்கி, வட்டாட்சியரே அனுமதி தரும்படி செய்தார்கள். ஏக்கருக்கு நஞ்சைக்கு 75 கன மீட்டர், புஞ்சைக்கு 90 கன மீட்டர் என்பது அளவு. நீங்கள் எடுக்கும்போதும் மேலே சொன்ன குழி விஷயம் பொருந்தும்.

"அவசரமாத் தண்ணி வேணும். மதகை முழுசாத் திறந்துவிட்டா என்ன?"

நிறைந்த ஏரியில் கரையின் உட்பக்க மண் நீர் குடித்துக் கனத்துக் கிடக்கும். எதிரே நிற்கும் தண்ணீர்தான் அதைத் தாங்கிப் பிடித்திருக்கிறது. தண்ணீரைத் திடீரென்று இறக்கினால் மண்ணுக்குள் இருக்கும் நீர் அதே வேகத்தில் வெளியேற முடியாது. சரிவு அப்படியே வழுக்கி விழும். நாளுக்கு ஓரடிக்கு மேல் இறக்காதீர்கள். கலங்கல் கசிவு வந்த இரவில் மட்டும் இந்தக் கணக்கு வேறு. கரை சரிந்தாலும் பரவாயில்லை, உடையக் கூடாது என்ற நிலை அது. அப்போதும் முடிவை நீர்வளத்துறைப் பொறியாளர் எடுக்கட்டும்.

"ஏரி யாருக்குங்க சொந்தம்? பழுதுன்னா யாரைக் கேக்கறது?"

ஆயக்கட்டு, அதாவது ஏரித் தண்ணீர் பாயும் நிலம், நூறு ஏக்கர் அல்லது அதற்கு மேல் இருந்தால் நீர்வளத்துறை, குறைவாக இருந்தால் ஊராட்சி ஒன்றியம். ஆக்கிரமிப்பு என்றால் 2007-இல் வந்த ஏரிகள் பாதுகாப்பு மற்றும் ஆக்கிரமிப்பு அகற்றும் சட்டம் நீர்வளத்துறை ஏரிகளுக்குப் பொருந்தும். சர்வே எண்ணும் புலப்பட நகலும் கையில் இல்லாமல் மனு எழுதாதீர்கள்.

"டவுனுக்குள்ள இருக்கற ஏரிய இனிமே காப்பாத்த முடியுமா?"

கைவிட்ட ஏரி, காப்பாற்றிய ஏரி, இரண்டுக்கும் சேலத்திலேயே உதாரணம் இருக்கிறது. நகரின் குடிநீருக்காக 1911-இல் உருவான பனமரத்துப்பட்டி ஏரி 2,000 ஏக்கருக்கு மேல். மேட்டூர்த் தண்ணீர் குழாயில் வந்த பிறகு அதன் வரத்தை யாரும் கவனிக்கவில்லை, சீமைக்கருவேலம் மண்டிப்போனது. கண்ணங்குறிச்சி மூக்கனேரியை 2010-இல் நகர மக்களே கைகோத்துத் தூர் வாரினார்கள். அள்ளிய மண்ணை வெளியே கொண்டுபோகாமல் ஏரிக்குள்ளேயே திட்டுகளாக்கி மரக்கன்று நட்டார்கள். இன்று அந்தத் திட்டுகளில் பறவைகள் அடைகின்றன. கரையில் மரம் கூடாது என்றேனே, திட்டில் வைக்கலாம். அது தண்ணீரைத் தாங்கவில்லை.

"என் காட்டுல ஓடைக்குக் குறுக்கே நானே ஜேசிபி வெச்சு ஒரு கரை போட்டுக்கலாமா?"

ஓடை உங்கள் பட்டா நிலத்துக்குள் ஓடினாலும் பெரும்பாலும் அது புறம்போக்கு. முதலில் அதைப் பாருங்கள். அனுமதி இல்லாமல் போட்டால் கீழே இருப்பவர் வழக்குப் போடுவார், நியாயமும் அவர் பக்கம் இருக்கும். ஓடையை விட்டுத் தள்ளி, உங்கள் காட்டில் விழும் மழையைப் பிடிக்கப் பண்ணைக்குட்டை வெட்டுங்கள். தரைக்குக் கீழே நிற்கும் தண்ணீர் யார் வீட்டையும் அடித்துப் போகாது.

அனுமதியோடு சின்னக் கரை போடுவதானால் மண்ணைச் சோதியுங்கள். ஒரு டம்ளர் நல்ல தண்ணீரில் சுண்டைக்காய் அளவு மண்கட்டியைப் போட்டு, கலக்காமல் பத்து நிமிடம் விடுங்கள். கட்டி உடைந்து அடியில் உட்கார்ந்தால் பயமில்லை. கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கல் பரவினால் அது தண்ணீரில் கரையும் மண், களர் நிலங்களில் இருக்கும். அந்த மண்ணில் போட்ட கரை முதல் மழையிலேயே உள்ளுக்குள் குடையும். கரையை எந்த மண்ணில் போட்டாலும் கோடியை முதலில் கட்டுங்கள். கரை பாதி எழும்பியிருக்கும்போது மழை வரும், எனக்குத் தெரிந்து இரண்டு கரை அப்படிப் போயிருக்கிறது.

"வருஷத்துல எப்ப எப்பங்க கரையைப் பாக்கணும்?"

ஆடியில் ஒரு தடவை, புல்லைச் செதுக்கி வளைகளைத் தேட. ஐப்பசி, கார்த்திகையில் ஏரி பாதிக்கு மேல் இருந்தால் தினமும். மாசியில் தண்ணீர் இறங்கியதும் உட்பக்கம், அலை அரித்த இடங்களில் கல் பதிப்பு பெயர்ந்திருக்கிறதா என்று பார்க்க. கரை மேல் நடந்தால் போதாது, வெளிப்பக்க அடியில் நடக்க வேண்டும், செருப்பைக் கழற்றிவிட்டு. ஈரம் கண்ணுக்கு முன்னால் காலுக்குத் தெரியும். மதகைத் தாண்டும்போது நின்று பாருங்கள், கட்டுமானமும் மண்ணும் சேரும் இடம்தான் முதலில் வாய் விடும். எங்கள் கரையை ஒரு முனையிலிருந்து மறு முனைக்கு நடக்க இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. பாட்டிலை மறக்காமல் எடுத்துப் போங்கள்.